பிடியை விட்ட புரதம்

ரூக்ஷாரின் அப்பா ஷரீஃப் சரிகை வியாபாரி. சுரண்டிப் பார்க்காமல் எந்தச் சரிகையையும் வாங்கமாட்டார். மகளுக்கும் அதே குணம். காய்கறிக்காரரின் தராசை மட்டுமல்ல, பேருந்து நிலையக் கடிகாரத்தையும் அவள் நம்பமாட்டாள். ஏனாத்தூர் சாலையில் இருந்த ஒரு சிறிய நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக டெக்னீஷியனாக இருந்தாள். அவள் சரிபார்த்த முடிவை அங்கே யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

சாயக் கழிவுநீரில் சாகாமல் கிடந்த ஒரு பாக்டீரியாவின் புரதம் அவள் பொறுப்பில் இருந்தது. அதன் தலைப்பகுதி டி.என்.ஏ.வைக் கவ்விக்கொண்டு, ஒரு மரபணுவை வேலை செய்ய விடாமல் மூடி வைத்திருக்கும். உடல்பகுதியில் ஒரு குழி. அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. தலை ஒழுங்காகக் கவ்வுகிறதா என்று பார்ப்பது ரூக்ஷாரின் வேலை. மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓடவிட்டால் வெறும் டி.என்.ஏ. விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். புரதம் பிடித்த டி.என்.ஏ. மேலேயே தங்கும்.

ஆடி மாதம் அந்தச் சோதனை குளறத் தொடங்கியது. சில நாட்களில் டி.என்.ஏ. முழுவதும் கீழே கிடந்தது. ரூக்ஷார் தேதிகளைக் குறித்து வைத்தாள். எல்லாம் புதனும் சனியும். செவ்வாயும் வெள்ளியும்தான் ஜீவிதா வருவாள். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாவுக்கு ஊதாச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவள்.

ரூக்ஷார் தன் புரதப் பெட்டியின் மூடியில் மெல்லிய டேப் ஒட்டினாள். மறுநாள் டேப் அப்படியே இருந்தது. ஜெல் மட்டும் பொய்த்தது. பிரித்துவிட்டு அதே மாதிரி ஒட்டியிருப்பாளோ? ஜீவிதா சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். கடைசியில் ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் கலியாணசுந்தரத்திடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனாலே என் சாம்பிள் கெட்டுப் போவுது. ஏதோ பண்ணுது சார்."

"பாத்தியாமா?"

"பாக்கல சார். ஆனா வேற யாரு இருக்காங்க?"

ஒன்பது வருட நம்பிக்கை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஜீவிதாவின் மேசை மாடி அறைக்குப் போனது.

அடுத்த புதனும் டி.என்.ஏ. கீழேதான் ஓடியது. இப்போது ரூக்ஷாருக்குப் பேராசிரியர் மேலேயே சந்தேகம் வந்தது. அவரிடம் ஆய்வுக்கூடத்தின் மாற்றுச் சாவி இருந்தது. அதையே யோசித்தபடி, புரதத்தோடு சேர்க்கும் பஃபர் கரைசல் கலக்க அளவுக் குடுவையைத் தூக்கியவள், வெள்ளைக் கோட்டின் முன்னால் அதைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பிளாஸ்டிக்கின் அடியில் மெல்லிய ஊதா.

பாத்திரம் கழுவ ஆள் இருந்தும் அந்த ஆளை நம்பாமல், எல்லாக் குடுவைகளையும் ஒரே தொட்டியில் போட்டு ரூக்ஷாரே கழுவிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து வந்த ஜீவிதாவின் சாயக் குடுவைகளும் அதே தொட்டியில்தான்.

புதுக் குடுவையில் பஃபர் கலந்தாள். ஒரு குழாயில் ஊதாச் சாயம் ஒரு சொட்டு விட்டாள், இன்னொன்றில் விடவில்லை. சாயம் இல்லாததில் புரதம் பிடித்துக்கொண்டது. சாயம் விட்டதில் டி.என்.ஏ. கழன்று கீழே ஓடியது. குழி எதற்கு என்று அப்போது புரிந்தது. சாயம் அதில் போய் உட்கார்ந்தால் உடல் திரும்புகிறது, தலை விலகுகிறது, பிடி விடுகிறது. மூடிக்கிடந்த மரபணு திறந்து, விஷத்தை வெளியே தள்ளும் வேலையைத் தொடங்குகிறது.

இரண்டு வருடமாக எல்லோரும் தேடியது அது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் பேராசிரியரிடம் சொன்னாள். பிறகு மாடி ஏறினாள்.

"ஜீவிதா, தப்பு என்மேல தான். என் குடுவையில உன் சாயம் ஒட்டிக்கினு இருந்துது. நான்தான் சரியா கழுவல."

ஜீவிதா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலை எடுக்கவில்லை. "டேப் ஒட்டினத அன்னைக்கே பாத்தேன்கா. வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க கேக்கவே இல்ல."

"கேட்டிருக்கணும்."

"சரிக்கா. எனக்கு வேலை இருக்குது."

எட்டு மாதம் கழித்து, புரதத்தின் படிக அமைப்புப் படம் வந்தது. குழிக்குள் சாய மூலக்கூறு தெளிவாகத் தெரிந்தது. கட்டுரையில் ஜீவிதாவின் பெயரையும் சேர்க்கச் சொல்லி ரூக்ஷார் கேட்டாள். அந்தப் புரதத்தோடு மற்றச் சாயங்களையும் சோதித்தவள் ஜீவிதாதான். பேராசிரியர் சேர்த்தார். ஜீவிதா நன்றி சொன்னாள். ஆனால் கீழ்த்தள மேசைக்கு அவள் திரும்பி வரவேயில்லை.