பின்கதவு ரப்பரும் என் மகளின் புதுநன்மையும்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். மனைவியின் பிறந்த வீடு காட்டூர். ஞாயிறு விடிந்தால் காட்டூர் மாதா கோவிலில் பூசை, பிறகு மாமியார் வீட்டில் கறிச்சோறு. காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியே காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றுக்காகவே வண்டியை மெதுவாக ஓட்டுவேன். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

வண்டி என்றால், பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் பழைய வேன். ஆசைப்பட்டு வாங்கியது. அந்தக் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் நைந்துபோய், மழை பெய்தால் உள்ளே ஒழுகும். "ரப்பரை மாத்திடுங்க சார்" என்று மெக்கானிக் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்டால்தானே! மேல்பக்கம் கிழிந்த இடங்களில் சைக்கிள் ட்யூபை நறுக்கி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். ஒழுகல் நின்றது. ஆபீசில் ஒருவர் விடாமல் கூப்பிட்டு என் கைவேலையைக் காட்டினேன்.

அந்த வேன் என் ஒன்பது வயது மகளுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் மனைவியும் முன்னால், அவள் தனியாகப் பின்சீட்டில். பாதி வழியில் பால்பண்ணை ஸ்டாப் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். பூசைக்கு முன் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். வெறும் வயிறுதான் காரணம் என்று நினைத்து அவளுக்கு மட்டும் இட்லி கொடுத்தோம். அதுவும் வெளியே வந்தது. எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னோம். முன்ஜன்னல் இரண்டையும் முழுக்க இறக்கிவிட்டோம். அன்றைக்கு இன்னும் மோசம். "உனக்கு மட்டும் எங்கேருந்துதான் வருதோ" என்று நான் சலித்துக்கொள்ளாத ஞாயிறு இல்லை. ஒன்றரை வருடம் இப்படியே போனது.

அந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை. சேசுவின் உடலாகவே நாங்கள் நம்பும் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்தாயிற்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. அப்போதுதான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நான் புதுநன்மை வாங்கலப்பா. நன்மை வாங்கிட்டு வாந்தி எடுத்தா சேசுவும் வெளியே வந்துடுவாருல்ல?"

அதட்டி அடக்கினேன். பாவி நான்.

புதுநன்மைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கவுனின் கையைக் கொஞ்சம் பிரித்துத் தைக்க காட்டூர் தையல்கார அம்மாவிடம் கொண்டுபோனோம். பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் கவுனைத் தொங்கவிட்டிருந்தோம். அவளை மாமியார் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் போனோம். அந்த அம்மா அதைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தார்.

"அடுப்பு பக்கத்துல வச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க. நேரா வண்டியிலதான் வருது."

"அப்போ வண்டிக்குள்ள புகை வருதுங்க. துணியே இப்படி நாறுது. பாப்பா எங்க உட்காரும்?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

மாமியார் வீட்டிலிருந்த மைத்துனரை அழைத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்லிவிட்டு, மகள் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். முன்ஜன்னல்கள் திறந்திருந்தன. அடுத்த ஊரான திருவெறும்பூர்கூடத் தாண்டவில்லை, தலை விண்விண்ணென்று தெறித்தது, வாயெல்லாம் எச்சில் ஊறியது. நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் குனிந்து நானே வாந்தி எடுத்தேன்.

பின்கதவைத் தூக்கிப் பார்த்தால், மழை வராத அடிப்பக்கத்தை நான் தொடவே இல்லை. அங்கே ரப்பர் காய்ந்து சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்கு நேர் கீழே புகைக்குழாய். முன்ஜன்னலைத் திறந்தால் வண்டி அந்தப் புகையை இன்னும் இழுத்துக்கொள்ளும் என்று பிறகு மெக்கானிக் விளக்கினார். நல்லது செய்வதாக நினைத்து, என் பிள்ளைக்கு நானே புகை போட்டிருக்கிறேன்.

மெட்ராஸிலிருந்து புது ரப்பர் வர பத்து நாள் ஆனது. அதுவரை வண்டியை எடுக்கவில்லை; டவுன் பஸ்தான். பழைய ரப்பரை உரித்து, பசையை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டித் துடைத்தேன். இழுக்காமல், சுருக்கம் விழாமல், புது ரப்பரை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சுற்றிலும் பொருத்தினேன். மகளைக் கூப்பிட்டு, கதவிடுக்கில் செய்தித்தாள் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு இடமாக இழுத்தாள். எங்கேயும் வரவில்லை.

ஏன் இதெல்லாம் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்போ என் வயிறு நல்லாதான் இருந்துச்சாப்பா?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேனா என்பது நினைவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

புதுநன்மை நாளன்று பின்சீட்டிலேயே உட்கார்ந்து, வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது முடியவில்லை என்று சொன்னால், காரணம் சொல்ல வாயைத் திறக்கும் முன், அவர்கள் இருக்கும் இடத்தில் ஒருமுறை நான் போய் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.