குழிவெட்டும் பாலைவனக் குருவியும்

எண்பதுகளில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி வெறும் மண்ணாகக் கிடந்த மலையில் ஆட்களை வைத்துப் புதுக் கன்று நடக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். சித்திரை மழைக்கு முன் குழி முடிய வேண்டும். முந்தைய வருடம் நடவு பிந்தி, கன்றுகள் கருகி, பழி என் தலையில் விழுந்திருந்தது. இந்த முறையும் பிந்தினால் வேலை போய்விடும் என்று தோட்டத்து மேலாளரான துரை சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு குருவி வரவேண்டும்?

துரையின் கொழும்புச் சிநேகிதர் கழுத்தில் பைனாகுலரும் கேமராவுமாக வந்து நின்றார். மண்நிறக் குருவி ஒன்று மண்கட்டியில் நின்று பார்த்து, குடுகுடுவென்று தரையில் ஓடிப் புழுவைக் கொத்தியது.

“தேயிலைக்குள்ள திரியிற குருவிதாங்க,” என்றேன்.

“இல்ல. வாலுக்கு மேல வெள்ளை, வால் அடிவரைக்கும் கறுப்பு. இது பாலைவனத்துக் குருவி, வழி தவறி வந்திருக்கு. வெறுந்தரைதான் இதுக்குப் புடிக்கும்.”

துரை உடனே, “கணக்குபுள்ள, ஆள் எல்லாம் எடு. குருவி பயந்து போகும்,” என்றார்.

“குழி வெட்டு என்னங்க ஆவுறது, தொரை?”

“அது பொறகு பாக்கலாம்.”

ஆட்களைக் கீழ்மலைக்கு மழைத்தண்ணீர் வடியும் கான் வெட்ட அனுப்பினேன். சிநேகிதர் ஆளில்லாத மலையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார். இரண்டு நாளாகக் குருவியைக் காணவில்லை. துரை என்மேல் எரிந்து விழுந்தார். நானா அதைச் சட்டைப்பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்?

வெறுத்துப்போய்க் கீழ்மலைக்குப் போனால், மம்பட்டி விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே குருவி நிற்கிறது. கிளறிய மண்ணில் நெளியும் புழுவை ஓடி ஓடிப் பொறுக்குகிறது.

“ரெண்டு நாளா இங்கதாங்க மேயுது,” என்றார் கங்காணி.

“ஏன்யா சொல்லல?”

“நீங்க கான் எவ்வளவு முடிஞ்சதுன்னுதான கேட்டீங்க.”

நேராகப் பங்களாவுக்குப் போனேன். “மண்ணு வெட்டினாத்தான் குருவி வரும், தொரை,” என்றேன். மறுநாள் ஆட்களும் குருவியும் மேல்மலைக்குத் திரும்பினார்கள். “ஐயா, கொஞ்சம் தள்ளிப் படுங்க, அதுல குழி வெட்டணும்,” என்று சிநேகிதரை நகர்த்தி நகர்த்தி வேலை நடந்தது. அவருக்குப் படமும் கிடைத்தது.

மழை முன்னதாகவே வந்து தொலைத்தது. மூன்று வரிசை பாக்கி. ஏன் பிந்தியது என்று துரை கேட்டார்.

“குருவிக்காக நீங்கதானங்க நிறுத்தச் சொன்னீங்க?”

“மண்ணு வெட்டினாத்தான் குருவி வரும்னு நீதான சொன்ன? அப்ப ஏன் நிறுத்தின?”

மிச்சக் குழியை மழையில் நனைந்தபடி வெட்டி, கன்றையும் நட்டு, வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். இளைய உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிறுத்தச் சொல்வது துரையாக இருக்கலாம், நிறுத்தியது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.