முகம் வராது என்றார்

கோயிலில் பஞ்சாயத்து. ஊர்த் தலைவர் இருந்தார். பாடு நோட்டோடு கணக்கர் இருந்தார். என் மச்சான் இருந்தான். வலை இழுக்கும்போது எனக்குப் பின்னால் நிற்கிற என் பங்காளி இருந்தான். என் பெண்சாதி கோயில் மதிலுக்கு வெளியே நின்றாள். நான் நடுவில்.

ஏரியில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்று எங்களுக்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். நோட்டில் பெயர் இருந்தால் முறை வரும். இல்லாதவனுக்கு ஏரி இல்லை.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. வரைந்தவர் பட்டணத்து அம்மா. டச்சுக்காரன் கல்லறைக்கு எதிரே வாடகைக்கு வீடு எடுத்திருந்தார். முகத்துவாரம் மண் மூடி ஏரியில் இறால் இல்லாத மாதம். கூலிக்கு ஆள் கேட்டார். போனேன். துணி இல்லாமல் நிற்கவேண்டும் என்றார். ஏரியில் கோவணத்தோடுதான் நிற்கிறோம், இன்னும் ஒரு முழத் துணிதானே என்று நினைத்தேன். அவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"முகம் வராது, முதுகு மட்டுந்தான்" என்றார்.

அவர் கோடு போட்டு ஆரம்பிக்கவில்லை. தாள் முழுக்கக் கரியைத் தேய்த்தார். வெளிச்சம் படுகிற இடத்தை மட்டும் துணியால் துடைத்து எடுத்தார்.

"அழகா நிக்காதீங்க. வலை இழுக்கிற மாதிரி நில்லுங்க. வேலை உங்க உடம்ப என்ன பண்ணிச்சோ, அதுதான் எனக்கு வேணும்."

ஏறிப்போன வலது தோள். இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். ஆறு நாள் நின்றேன். அவர் ஒரு நாளும் முன்பக்கம் வந்து பார்க்கவில்லை.

பட்டணத்தில் ஒரு கண்காட்சியில் படத்தை மாட்டினார்கள். யாரோ போனில் எடுத்தது ஊருக்கு வந்துவிட்டது.

முகம் இல்லை என்று நம்பியது என் தப்பு. முன்னால் நிற்கிறவன் முதுகைப் பார்த்துத்தான் நாங்கள் வலை இழுக்கிறோம். எங்களுக்கு முதுகுதான் ஆள்.

தலைவர் பங்காளியிடம் போனை நீட்டினார்.

"இது யாருன்னு சொல்லு."

"தெரியலண்ணா."

"இருவது வருசமா இவன் பின்னாடிதானடா நிக்கிற?"

மச்சான் குறுக்கே வந்தான். "அவன இன்னாத்துக்குக் கேக்கறீங்க? தழும்பு அங்கியே கீது. ஏன் மாமா, இறால் இல்லன்னா அவுத்துடுவியா? நாங்களும் லைன்ல நிக்கட்டா?"

சிரித்தார்கள். பங்காளி சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் போட்டுகீறாங்க. அந்தத் தோளு... அப்டியே நிக்கிறான்."

சொன்ன பிறகுதான் தலை குனிந்தான். அவனை நான் குறை சொல்லவில்லை.

"நோட்டுல பேர அடி" என்றார் தலைவர்.

"ஒரு தபா வுடுங்கண்ணா. ஏரிய வுட்டா அதுக்கு வேற இன்னா தெரியும்?" மதிலுக்கு வெளியே என் பெண்சாதியின் குரல். யாரும் திரும்பவில்லை.

கணக்கர் கோடு கிழித்தார். முன்பு அறுபத்து நான்கு பெயர். விரல் வைத்து மறுபடி எண்ணினார்.

அறுபத்து மூன்று.