ஓர் ஆள் குறைகிறது

அந்த டிசம்பரில் டன்வெய்ல் என்ற சிற்றூரில் கிளம்பிய வதந்தி இது: எமில் சவாட்ஸ்கி, பனிக்கட்டித் தளத்தில் கல்லை வழுக்கி விட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கான, இப்போது மூடிக்கிடக்கும் கொட்டகைக்குள் குடியேறிவிட்டார். வீட்டில் கணப்பு அணைந்துபோனதால்தானாம். வெளியே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. கொட்டகைக்குள் அதைவிட மோசம். வதந்தி எப்போது வெப்பமானி பார்த்திருக்கிறது?

சரிபார்க்கும் பொறுப்பு தானாகவே தபால் ஆபீஸ் டொரீனிடம் வந்து சேர்ந்தது. ஊரில் மிச்சமிருந்த ஒரே அரசாங்கம் அவள்தான். மளிகைக் கடை போய்ச் சேர்ந்துவிட்டது. ஹோட்டல் கூரை பனிச்சுமை தாங்காமல் உள்ளே விழுந்தபோது மது அருந்தும் அறையும் கூடவே போயிற்று. பள்ளிக்கூடத்தில் இப்போது உர மூட்டைகள் படிக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் ‘எல்லா வசதிகளும் உண்டு’ என்று நிற்கிற பலகைக்கு மட்டும் வருஷம் தவறாமல் புதுப் பெயின்ட்.

டொரீன் மத்தியானம் ஆபீசைச் சாத்திவிட்டுப் போய்க் கொட்டகைக் கதவைத் தள்ளினாள். உள்ளே எமில் முழங்காலிட்டு, உறைந்த தளத்தின்மேல், கல் போய் நிற்க வேண்டிய சிவப்பு வட்டம் தீட்டிக்கொண்டிருந்தார். கதவுகளைத் திறந்துபோட்டுக் குளிரை உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் பாய்ச்சி, உறைய விட்டு, மறுபடி பாய்ச்சி, தளத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார் மனுஷன்.

“என்ன பெரியவரே, ஜாகை இங்கதானாமே? கட்டில் எங்க?”

“ஓரமா நட டொரீன். பெயின்ட் இன்னும் காயல.”

“யாரு விளையாடப் போறாங்கன்னு இவ்வளவு அலங்காரம்?”

“சனிக்கிழமை ஆட்டம் இருக்கு.” எமில் தூரிகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “லியோனாவுக்கு போன் போட்டேன். ஏழு பேர் இருக்கோம், ஓர் ஆள் குறையுதுன்னேன். வர்றேன்னுட்டா.”

“ஏழு பேரா? யாரு யாரு?”

“நான்.”

“சரி. மிச்சம்?”

“அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

டொரீன் அங்கிருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “பொய் சொல்றதுதான் சொன்னீங்க, ரெண்டு பேர் ஆடுற ஆட்டம்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

“ரெண்டு பேரா!” எமிலின் காது வட்டத்தைவிடச் சிவந்தது. “அதை எப்படிம்மா வாயால சொல்றது?”

இந்தச் சமவெளிக்காரர்களின் வியாதி அது. ‘உன்னைப் பார்க்கணும்போல இருக்கு’ என்று சொல்ல நாக்குப் புரளாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கனோலா எண்ணெய் வித்து என்ன விலை போகிறது, ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது. அவர்கள் அகராதியில் ஏக்கத்துக்கு இருக்கிற வார்த்தைகள் இவ்வளவுதான்.

எமில் ஊருக்கு வடக்கே கோதுமை வயல் நடுவே பிறந்தவர். எழுபத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் “அறுவடை முடியட்டும்” என்பார். முடிந்ததும், “விதைப்பு வரட்டும்”. கடைசியில் நிலம் தம்பி மகன் கைக்குப் போனது, கல்யாணம் எங்கேயும் போகவில்லை. பக்கத்து வயல் ஹார்வி ஃபேரும் அவர் மனைவி லியோனாவும்தான் அவருக்கு ஆட்டத் தோழர்கள். முப்பது குளிர்காலம் மூவரும் ஒரே அணி, நாலாவது ஆள்தான் வருஷத்துக்கு வருஷம் மாறுவார். ஹார்வி தலைவர். லியோனா கிரானைட் கல்லை வழுக்கி விடுவாள். போகிற கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் தளத்தைத் தேய்த்துக்கொண்டே ஓடுவது எமிலின் வேலை. தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். அவள் கல் வட்டத்துக்கு வராமலே நின்றால் இவர் முகம் தொங்கிவிடும்.

ஹார்வி இறந்தார். லியோனா சஸ்கட்டூன் நகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆளில்லாமல் கொட்டகையும் மூடியது. இப்போது சனிக்கிழமை அவள் வந்து எட்டிப் பார்க்கும்போது துடைப்பத்தோடு இவர் ஒருவர் மட்டும் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் எந்த முகத்தோடு போன் போடுவது?

டொரீன் எழுந்தாள். “இந்த ஊர்ல ஏழு பேரைச் சேர்க்கிறதுக்கு ஏழு எருமையைப் பிடிச்சிரலாம்,” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பிடித்தாள். தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டாள், கணவனை மிரட்டினாள், பாதிரியாருக்குப் பரலோகத்தை நினைவூட்டினாள். கொட்டகை மின்சாரத்தைத் துண்டிக்கத் துடித்த ஊராட்சித் தலைவர், தனக்கு ஓர் அணியின் தலைமை என்றதும் தேர்தலில் ஜெயித்ததுபோல் சிரித்தார். பன்றிப் பண்ணையில் வேலை செய்யும் பிலிப்பினோ தம்பதி ரோமெலும் ஜோவிதாவும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள நாற்காலி இருந்தால் வருவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை லியோனா வந்தாள். மகள் ஹீட்டரைப் போட்டுக் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். லியோனா தளத்தை ஒரு காலால் உரசிப் பார்த்தாள்.

“தண்ணி ஊத்தத் தெரிஞ்சிருக்கே உனக்கு!”

“சுமாராத்தான் வந்திருக்கு,” என்றார் எமில். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் இதுவல்ல.

அணி பிரிக்கச் சீட்டுப் போட்டதில் லியோனா எதிரணிக்குப் போய்விட்டாள். ரோமெல் கல்லைவிட வேகமாகத் தானே வழுக்கிப் போய் வட்டத்தில் நின்றான். அதற்குப் புள்ளி உண்டா என்று ஜோவிதா கேட்டாள். எப்படியோ ஆட்டம் சமமாக வந்து, வட்டத்தில் எமில் அணியின் கல் ஒன்று நிற்க, லியோனாவின் கடைசிக் கல் மட்டும் பாக்கி; அதைவிட நடுவில் போய் நின்றால் அவள் அணிக்கு ஜெயம். கல் புறப்பட்டது. நடுவட்டத்தை நோக்கி அழகாக மெதுவாகிக்கொண்டே வந்தது. அவ்வளவுதான், எமிலின் கால்கள் அவரைக் கேட்காமலே ஓடின. குனிந்து, மூச்சுத் திணற, அந்தக் கல்லுக்கு முன்னால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கல் வட்டத்தையெல்லாம் தாண்டிக் கடைசிப் பலகையில் போய் முட்டியது.

“யோவ் எமில்!” என்று அலறினார் அவர் அணித்தலைவர், ஊராட்சித் தலைவரேதான். “நீ எந்தக் கட்சிய்யா?”

“எதிரணிக் கல்லுக்குத் துடைக்கக் கூடாது, இது தப்பாட்டம்,” என்றாள் டொரீன். “லியோனா, நின்னிருக்க வேண்டிய இடத்துல நீங்களே கல்லை எடுத்து வைக்கலாம்.”

லியோனா எமிலைப் பார்த்தாள். அவர் துடைப்பத்தின்மேல் சாய்ந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தார்.

“போனது போனதுதான்,” என்றாள். “நான் தோத்துட்டேன். ஜெயிச்சவன் தோத்தவளுக்கு ஒரு கிளாஸ் பியர் வாங்கித் தரணும், அதானே வழக்கம். எங்க?”

எமில் ஹோட்டல் இருந்த பக்கம் கையைக் காட்டி, பாதியிலேயே இறக்கினார். அங்கே பனிமேடுதான் இருந்தது. காரில் மகள் ஹாரன் அடித்தாள். மேற்கே பனிப்புயல் வருகிறதாம்.

“அப்ப கடன்தான்,” என்றாள் லியோனா, கையுறை மாட்டிக்கொண்டே. “நான் விட மாட்டேன், தெரியும்ல?”

“தெரியும்.”

கார் முக்குத் திரும்பும்வரை எமில் நின்றார். துடைப்பத்தை வைக்கத் தன் டிரக் கதவைத் திறந்தபோது, இருக்கைமேல் ஒரு முழுப் பெட்டி பியர் இருப்பதை டொரீன் பார்த்துவிட்டாள்.

“இதென்ன! இதுல ஒண்ணை எடுத்துக் கொடுத்திருக்கலாமே! ஹாரன் அடிங்க, இன்னும் பிடிச்சிரலாம்.”

“சும்மா இரு டொரீன்,” என்று எமில் ஒரு சாக்கை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினார்.