ஆறரை மணி வகுப்பு

அஃப்சருன்னிசாவுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாக உடற்பயிற்சி ஆசிரியை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் ‘ஒண்ணு’ என்றால், அந்தக் கோடியில் கதை பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் கால்களும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். 2020 மார்ச்சில் பள்ளியை மூடிய பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. தையல் மிஷின் பழுதுபார்க்கும் கணவன் ஷரீஃபும் வீட்டோடுதான். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் போகிறது என்று காதாலேயே பின்தொடர்வார்கள். சத்தம் தேய்ந்து போனால் நிம்மதி. திடீரென்று நின்றுவிட்டால், பக்கத்திலேயே எங்கோ என்று அர்த்தம்.

ஜூன் கடைசியில் பழைய மாணவி சிந்து போன் செய்தாள். அவள் வார்டு தன்னார்வலராக வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், தனியா இருக்கற வயசானவங்க நிறைய பேரு. மூணு மாசமா சேரை விட்டு எழுந்திருக்கல. சுகர் ஏறுது, தூக்கம் இல்ல, முட்டி மடங்கல. நாளைக்கு இவங்களுக்கு கொரோனா வந்துதுன்னா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் பயப்படறாரு. நீங்க போன்ல எக்சர்சைஸ் சொல்லித் தர்றீங்களா?”

“போன்ல எப்படிம்மா? ஆளைப் பாக்காம?”

“உங்க குரல் போதும் மிஸ்.”

மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம் என்று இருபத்திமூன்று பேர் சேர்ந்தார்கள். தினமும் காலை ஆறரைக்கு, கான்ஃபரன்ஸ் காலில், எல்லாருடைய போனும் ஒரே சமயத்தில் அடிக்கும். முதலில் பெயர் கூப்பிடுவாள். பிறகு பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. அப்புறம் நின்ற இடத்திலேயே நடை, முந்நூறு எண்ணும் வரை. கடைசியில் கொஞ்சம் சாப்பாட்டுப் பேச்சு. முறுக்கு டப்பாவைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள், பச்சைப்பயறை ஊறப்போட்டு முளைகட்டிச் சாப்பிடுங்கள், வெயில் வரும் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பாள். “இதனால நோயே வராதுன்னு நான் சொல்லல. வந்தா எதிர்த்து நிக்க உடம்புல தெம்பு வேணும், அவ்ளோதான்” என்று தினமும் ஒருமுறை சொல்லிவிடுவாள்.

இருபத்திமூன்று பேரில் வேதாந்தம்தான் நல்ல மாணவர். எழுபத்தாறு வயது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில் இருந்தார். கை நடுக்கம் இருந்ததால், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகன் அவருடைய போனை மூன்று ரிங்குக்குப் பிறகு தானாகவே எடுத்து ஸ்பீக்கரில் பேசும்படி வைத்துக் கொடுத்திருந்தான். பெயரைக் கூப்பிட்டதும் ‘இருக்கேன்’ என்று கணீரென்று பதில் வரும். பயறை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்.

நாளாக ஆக அஃப்சருன்னிசா ஒவ்வொருவரையும் சத்தத்தாலேயே அடையாளம் கண்டாள். ஒருவருக்கு ஹவாய் செருப்பு. ஒரு அம்மாவுக்கு வாக்கர். வேதாந்தம் நடக்கும்போது காலடியோடு சேர்ந்து ‘டிக், டிக்’ என்று சின்னதாக ஒரு உலோகச் சத்தம் வரும். கைத்தடி என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூலை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை.

“வேதாந்தம் சார்?”

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல, “இருக்கேன்” என்று வந்தது.

“தொண்டை கட்டிக்கிச்சா சார்? வெந்நீர்ல உப்புப் போட்டு வாய் கொப்பளிங்க.”

அதற்குப் பதில் வரவில்லை. நடை ஆரம்பித்தபோது அவர் இணைப்பில் கனமான காலடியைக் காணோம். ‘டிக், டிக்’ மட்டும் கேட்டது. முந்நூறில் நிறுத்தச் சொன்னாள். எல்லாரும் நிறுத்தினார்கள். டிக், டிக் நிற்கவில்லை. ஒவ்வொருவராக விடைபெற்று போனை வைத்த பிறகும் அந்த ஒரு இணைப்பு திறந்தே கிடந்தது. எண்ண ஆளில்லாமலே அது நடந்துகொண்டிருந்தது.

“சார், போதும். உக்காருங்க.”

சட்டென்று நின்றது. பிறகு மூச்சுச் சத்தம் வந்தது. போனில் வாயை ஒட்ட வைத்துக்கொண்டு, அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று யாரோ காத்திருப்பது போல. அஃப்சருன்னிசா அவசரமாக இணைப்பைத் துண்டித்தாள்.

புதன்கிழமையும் அதே கதை. ‘இருக்கேன்’ இன்னும் மெலிந்து வந்தது. வகுப்பு முடிந்த கையோடு சிந்துவைக் கூப்பிட்டாள்.

“வேதாந்தம் சார் குரலே சரியில்லம்மா. யாரையாவது போய்ப் பாக்கச் சொல்லு.”

“மிஸ், அவரு ஆஸ்பத்திரில இருக்காரே. திங்கக்கிழமை மத்தியானமே மூச்சுத் திணறல்னு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சு மறந்துட்டேன்.”

“போன் அவர்கிட்டதான இருக்கு?”

“இல்ல மிஸ். சார்ஜ்ல போட்டபடியே வீட்ல கிடக்கு. வீட்டைப் பூட்டி சாவியை செக்ரட்டரி வெச்சிருக்காரு.”

“வீட்ல வேற யாரு?”

“யாருமில்ல. காய்ச்சல் சர்வே ஃபார்ம்ல ஒரே ஆள்னுதான் எழுதிக் குடுத்திருக்காரு.”

அஃப்சருன்னிசா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஷரீஃப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

“ஆளில்லாத வூட்ல எவன் நடக்கறான்? திருடனா இருக்கப்போறான்.”

“திருடன் பேரு கூப்பிட்டா பதில் சொல்லி, முந்நூறு எண்ணி நடப்பானா?”

ஷரீஃப் டம்ளரை வைத்துவிட்டான். “அப்போ நீ அங்க போவாத. சொல்றத கேளு.”

அவள் அதற்குள் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தான்.

காலை ஏழரை மணி வெயில் பளீரென்று அடித்தது. தெற்கு மாட வீதியில் ஒரு ஆள் இல்லை. பூக்கடைகளைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். நடு ரோட்டில் படுத்திருந்த நாய் ஹாரன் அடித்தும் எழவில்லை. சுற்றிக்கொண்டுதான் போனார்கள். மந்தைவெளியில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது பால்கனிகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுக்குமாடியின் செக்ரட்டரி சுப்பராமன் கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசினார்.

“அவர் தனியாத்தான் இருந்தார். ரெண்டு வருஷமா பாத்துண்டிருக்கேன், நேக்குத் தெரியாதா? மாமி பெங்களூர்ல பொண்ணாத்துல இருக்கான்னு அவரே சொன்னார்.”

“பக்கத்து வீட்ல யாராவது…”

“எதிர் ஃப்ளாட்காரா மார்ச்லயே ஊருக்குப் போயிட்டா. அந்த மாடியிலயே மனுஷா கிடையாது.” சொல்லிவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் தணிந்தது. “நேத்து மத்தியானம் மேல குழாய்ல தண்ணி போற சத்தம் கேட்டுது. மோட்டாரா இருக்கும்னு நெனச்சுண்டேன். நான் மேல போகலை.”

மூவரும் மாடி ஏறினார்கள். இரண்டாம் மாடியில் ப்ளீச்சிங் பவுடர் நாற்றம். கதவில் பூட்டு. அஃப்சருன்னிசா தட்டினாள், கூப்பிட்டாள். உள்ளே ஓசையே இல்லை. தன் போனை எடுத்து வேதாந்தத்தின் எண்ணை அழுத்தினாள். கதவுக்குப் பின்னால் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது.

“வேதாந்தம் சார்?”

அரை நொடி கழித்து அவளுடைய குரலே பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ‘வேதாந்தம் சார்?’ என்று கேட்டது. ஒருநாளும் நுழைந்திராத வீட்டுக்குள் தானே நின்று கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இருக்கேன்.”

அது கதவு வழியாக ஒருமுறையும் போன் வழியாக ஒருமுறையும் வந்தது. ஷரீஃப் இரண்டு படி கீழே இறங்கிவிட்டான். சுப்பராமன் “நாராயணா, நாராயணா” என்று சுவரில் சாய்ந்தார்.

அஃப்சருன்னிசாவின் வாய் தானாக எண்ணியது. “ஒண்ணு… ரெண்டு… மூணு…”

டிக். டிக். டிக்.

எண்ணுவதை நிறுத்தாமலே சாவிக்குக் கையை நீட்டினாள். சுப்பராமன் கொடுத்த அவசரத்தில் சாவி கீழே விழுந்தது. அவளே எடுத்துப் பூட்டைத் திறந்தாள். “உள்ள போவாத!” என்று ஷரீஃப் அடிக்குரலில் கத்தினான். பத்து எண்ணும்போது கதவு திறந்தது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஸ்டூலின் மேல் போன் ஒளிர்ந்தது. அதன் முன்னால் ஒரு வயதான பெண்மணி நின்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தாள். வெள்ளை முடி இடுப்பு வரை அவிழ்ந்து கிடந்தது. புடவைத் தலைப்பு தரையில் புரண்டது. முழங்கால்கள் மட்டும் அஃப்சருன்னிசா சொல்லிக்கொடுத்தபடி, அதே உயரத்துக்கு ஏறி இறங்கின. ஒவ்வொரு தடவையும் மெட்டி தரையில் பட்டு ‘டிக்’ என்றது.

“அம்மா,” என்றாள் அஃப்சருன்னிசா. அந்தப் பெண்மணி திரும்பவில்லை. நாலடி தூரத்தில் நின்று கூப்பிட்டும் பார்வை போனை விட்டு நகரவில்லை. அவளுக்கு அந்தக் குரல் போனுக்குள்தான் வசித்தது. அஃப்சருன்னிசா தன் போனை வாயருகே கொண்டுபோய், “போதும். உக்காருங்க” என்றாள். உடனே அந்தப் பெண்மணி நின்று, தரையில் உட்கார்ந்தாள்.

“உங்க பேரு என்னம்மா?” என்று அஃப்சருன்னிசா போனிலேயே கேட்டாள்.

“வேதாந்தம்,” என்றாள் அந்த அம்மாள். “இருக்கேன்.”

சமையலறையில் திங்கட்கிழமை ஊறவைத்த பச்சைப்பயறு ஒரு பாத்திரத்தில் நக நீளத்துக்கு முளைவிட்டிருந்தது. பாதிக்கு மேல் காணோம். தரை முழுக்கப் பயற்றுத் தோல். குழாய் திறந்தே இருந்தது. இரண்டு நாளும் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

அவள் பெயர் அம்புஜம். வேதாந்தத்தின் மனைவி. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஞாபகம் கலைய ஆரம்பித்தது. இந்த வீட்டுக்கு வந்தபோதே அவர் பெங்களூர்க் கதையைச் சொல்லி அவளை மறைத்துவிட்டார். தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு ஆட்கள் வந்து அவரைத் தூக்கியபோது, அவள் பயந்து உள்ளறைக் கட்டிலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை.

அவர் சொல்லாமலும் இல்லை. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் ‘அம்பு, அம்பு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த வார்டில் எல்லாருமே அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டிருந்தார்கள். அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா வந்துடுவாங்க தாத்தா” என்று ஆறுதல் சொன்னாளாம். பின்னால் அவளே சிந்துவிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள்.

அம்புஜத்துக்கும் தொற்று இருந்தது. வேறொரு வார்டில் சேர்த்தார்கள். அங்கே யார் ஊட்டினாலும் வாய் திறக்கவில்லை. அஃப்சருன்னிசாவும் ஷரீஃபும் இரண்டு வாரம் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். அங்கிருந்தபடியே அவள் மூன்று வேளையும் நர்ஸ் போனுக்குப் பேசினாள். “வாயைத் திறங்க. மென்னு சாப்பிடுங்க. ஒண்ணு… ரெண்டு…” அந்தக் குரலுக்கு மட்டும் அம்புஜம் சாப்பிட்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து வேதாந்தமும் அம்புஜமும் வீடு திரும்பினார்கள். அன்று சாயங்காலம் வேதாந்தம் போன் செய்தார்.

“ஏன் சார் மறைச்சீங்க?” என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

“என்னைப் பாத்து ‘நீங்க யாரு’ன்னு கேப்பா, டீச்சர். அதை நாலு பேர் பாக்கப்படாதுன்னு நெனச்சேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆனா காலம்பற ஆறரைக்கு அவளே எழுந்து வந்து என் பக்கத்துல நிப்பா. உங்க குரலை அவளுக்குத் தெரிஞ்சுது. என்னைத்தான் தெரியலை.”

அன்றிரவு அஃப்சருன்னிசா தூங்கவில்லை. ஒரு மாதமாகத் தினமும் இருபத்திமூன்று வீடுகளைக் கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் நடந்ததைக் கைத்தடி என்று நினைத்திருக்கிறாள். மற்ற வீடுகளில் எதையெல்லாம் என்னவென்று நினைத்துக்கொண்டோமோ என்று ஒவ்வொரு வீட்டின் சத்தத்தையும் மறுபடி நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். “தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்ல நீங்க எழுதிக் குடுக்காத யாராவது இருக்காங்களா?” என்று எல்லாரிடமும் கேட்டாள். பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு போனை வைத்தார். மயிலாப்பூரில் ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி, கண் தெரியாத நாத்தனார் கூட இருப்பதாகச் சொன்னாள்.

கோட்டூர்புரத்தில் சண்முகவடிவு என்றொரு அம்மாள் இருந்தார். தனியாக இருக்கிறேன் என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தார். கேள்வியைக் கேட்டதும், எங்கோ ஒரு சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து ஒரு ஆணின் இருமல் கேட்டது.

“ஒருத்தர் இருக்காரு டீச்சர்,” என்றார். “என் தம்பி. பதினோரு வருஷமா படுக்கைதான். பேச்சும் கெடையாது.”

“போனை அவர் பக்கத்துல கொண்டுபோங்க.”

கதவு கிறீச்சிட்டது. மின்விசிறிச் சத்தம். அதற்கடியில் கரகரவென்று ஒரு மூச்சு.

“வணக்கம் சார். படுத்தபடியே செய்யலாம். நான் எண்ணும்போது கால் பெருவிரலை மட்டும் முன்னால தள்ளுங்க. ஒண்ணு… ரெண்டு…”

முப்பது வரை எண்ணினாள். நாற்பதில் நிறுத்தினாள்.

“நிறுத்தாதீங்க டீச்சர்,” என்றார் சண்முகவடிவு. குரல் மாறியிருந்தது. “அசையுது. இன்னும் எண்ணுங்க.”