குவாரி ரயிலும் நாலு முழ வேட்டியும்

மாலை நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு விசில் பாதியில் நின்றது.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ரயிலில் எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகமே கடிகாரம் பார்ப்பதுதான். வண்டி திரும்பி வரும்போது, வழியிலுள்ள கிராமத்தின் ஊருணிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டிப் பாதையைக் கடக்கும். அங்கே டிரைவர் இரண்டு நீள விசில் கொடுப்பார். ஒன்றரை மைல் தள்ளிக் குவாரியில் நிற்கும் எனக்கு அது நன்றாகவே கேட்கும். அன்று கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் தும்மல் வருகிற மாதிரி கிளம்பி, வராமலே அடங்கிப் போனது.

வண்டியில் என் மகள் இருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. நான் கூட இல்லாமல் அவள் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை.

எங்கள் ரயில் என்று ஏதோ சொந்தச் சொத்து மாதிரி எழுதிவிட்டேன். நார்த்தாமலைக்குத் தெற்கே கருங்கல் உடைக்கிற குவாரி ஒன்று இருந்தது. உடைத்த கல்லைப் பெரிய ரயில் பாதை வரைக்கும் கொண்டுபோவதற்காகச் சமஸ்தான காலத்திலேயே இரண்டடி அகலத்தில் மூன்று மைல் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டு, ஒரு குட்டி நீராவி என்ஜினும் வாங்கி விட்டிருந்தார்கள். நிமிர்ந்து நின்றால் டிரைவரின் தலை கூரையில் இடிக்கும், அவ்வளவுதான் அதன் உயரம். பிறகு லாரிகள் வந்தன. என்ஜின் துருப்பிடித்து நின்றது. குவாரி முதலாளி அதை எடைக்குப் போட ஆள் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் மூன்று பேர் அவர் முன்னால் போய் நின்றோம். ஒருவர் பெரிய ரயிலில் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். இன்னொருவர் பட்டறை வைத்திருந்த ஆசாரி. மூன்றாவது, புதுக்கோட்டையில் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான். நீராவி என்ஜினைக் கரும்பலகையில் பதினைந்து வருஷம் வரைந்தவனுக்கு நிஜ என்ஜின் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் ஆசை இருக்காதா?

முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓடுகிற வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னார். எட்டு மாதம் ஆசாரி அதைக் கழற்றி மாட்டினார். அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். கல் ஏற்றும் இரண்டு தள்ளுவண்டிகளில் பலகை அடித்து, மேலே கீற்று வேய்ந்து பெட்டிகள் ஆக்கியிருந்தோம். பக்கவாட்டில் அடைப்பு கிடையாது. சுற்று வட்டாரத்திலிருந்து பெண்களும் குழந்தைகளும் சீவிச் சிங்காரித்து வந்து உட்காருவார்கள். மூன்று மைல் போய், கால் மணி நேரம் இளைப்பாறி, மூன்று மைல் திரும்பி வருவார்கள். எங்கேயும் போய்ச் சேராத அந்தப் பயணத்துக்கு அவ்வளவு கூட்டம்.

என்ஜினுக்குத் தண்ணீர் நிரப்புவதும் என் பொறுப்பு. குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைத்தான் ஊற்றுவோம். பங்குனி வெயிலில் அது வற்றிப் பாசி பிடித்துக் கிடக்கும். அதனால் டிரைவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பழைய நாலு முழ வேட்டியை நாலாக மடித்துத் தொட்டியின் வாயில் விரித்துப் பிடிக்க வேண்டும். அதன் வழியாகத்தான் ஒவ்வொரு குடமும் இறங்க வேண்டும். பெரிய ரயிலில் வேலை பார்த்தபோது இப்படிச் செய்தீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். அங்கே தண்ணீர் சுத்தமாக வரும் என்றும், இங்கே வருவது தவளை குடித்த மிச்சம் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிறு பாதித் தொட்டி நிரம்பியிருந்தது. என் மகள் முதல் பெட்டியின் ஓரத்தில் இடம் பிடித்துக் காலை வெளியே தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏணி மேலிருந்து பார்த்த எனக்கு அந்தக் கால்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. விழுந்துவிடுவாள் என்று முடிவே செய்துவிட்டேன். கயிறு தேடினேன், கிடைக்கவில்லை. கையில் வேட்டி இருந்தது. இறங்கிப் போய் அதை முறுக்கி, அவள் இருந்த பக்கம் கூரையைத் தாங்கும் இரண்டு கம்புகளுக்கும் குறுக்கே இழுத்து இறுக்கிக் கட்டினேன். நாலு முடிச்சு. அவள் முகம் சிறுத்துப் போயிற்று. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டு நான் நின்றபோது, மேலே குடம் சுமக்கும் ஆட்கள் மீதிப் பாதியை ஊற்றி முடித்திருந்தார்கள். டிரைவர் மறுபக்கம் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றே கால் மணிக்கு நான் பச்சைக் கொடி காட்டினேன்.

விசில் பாதியில் நின்ற பிறகு பத்து நிமிடம் பொறுத்தேன். வண்டி வரும் பக்கம் புகை தெரியவில்லை. ஆசாரி ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்டவாளத்தில் குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். சூடு பட்டதுதான் மிச்சம்.

"வாத்தியாரே, சித்த உக்காருங்க. நீங்க நடக்கிற நடைக்கு இங்கிட்டு ஒரு ரோடே விழுந்துரும்" என்றார் ஆசாரி.

மாடு குறுக்கே வந்திருக்கும், யாராவது ஏறியிருப்பார்கள், இறங்கியிருப்பார்கள் என்று அவர் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்தார். நானும் ஒவ்வொன்றாக நம்பிப் பார்த்தேன். நாலரை மணிக்கு அவர் குடங்களைக் கவிழ்த்து வைக்கப் போனவர், ஏணிக்கடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வடிகட்டுற வேட்டி எங்க?"

நான் வண்டி போன திசையைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

தொட்டித் தண்ணீரைக் கொதிகலனுக்குள் தள்ளுவதற்கு இஞ்செக்டர் என்று ஒரு சின்னக் குழாய் உண்டு. எங்கள் என்ஜினில் அப்படி இரண்டு. ஒன்று எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே ஊமை. மற்றதில் பாசி அடைத்தால் கொதிகலனுக்குத் தண்ணீர் போகாது. உள்ளே இருப்பது கொதித்துக் குறைந்துகொண்டே வரும். அடியில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்கு விரியும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். அன்றைக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

"வெடிக்காது. உச்சியில ஈயத்துல அடைப்பான் வச்சிருக்கேன். தண்ணி கொறஞ்சா அது உருகி நெருப்ப அணைச்சிரும்" என்றார் ஆசாரி. பிறகு, "டிரைவரு அதுவரைக்கும் விடமாட்டாரு" என்று சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியத்தை எனக்காகச் சொன்னாரா, தமக்காகவா என்று தெரியவில்லை. ஸ்பேனர்களைச் சாக்கில் போட்டு சைக்கிளில் கட்டினார். சுற்றுப் பாதையில் அரை மணிக்கு மேலாகும். நானும் வருகிறேன் என்று பின்னால் ஓடினேன்.

"நீங்க வந்துட்டா பாயிண்ட யாரு பிடிக்கிறது?"

குவாரிக்குள் நுழைகிற இடத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒன்று கொட்டகைக்கு வரும். மற்றது பழைய பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் போய் அப்படியே நின்றுவிடும். மாற்றுகிற கம்பியின் ஸ்பிரிங் உடைந்து ஒரு வருஷமாகியிருந்தது. கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் தண்டவாளம் பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொள்ளும். இறக்கத்தில் வருகிற வண்டியை அந்த இடத்தில் சட்டென்று நிறுத்தவும் முடியாது. வண்டி வெளியே இருக்கும்போது பாயிண்டுக்காரர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தோம். கையெழுத்து என்னுடையது.

ஆசாரி போய்விட்டார். தண்ணீர் ஊற்றிய ஆட்கள் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி வரும் சத்தம் கேட்ட பிறகு பிடித்தால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டேன். இரும்பு வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது. ஆறு மணி பஸ்ஸில் மகளோடு வந்து சேர வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. பஸ் போகும் சத்தம் ரோட்டுப் பக்கம் கேட்டது. வீட்டில் போய் என்ன சொல்வது என்று நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்தேன். எல்லாமே "அவள் விழுந்துவிடக் கூடாதென்றுதான்" என்று ஆரம்பித்தன.

அந்தப் பக்கம் நடந்ததை மறுநாள் டிரைவரும் ஆசாரியும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விசில் கொடுக்கும்போதே டிரைவர் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்திருக்கிறார். விசிலுக்குப் போகிற ஆவியும் தண்ணீர்தானே என்று கையை எடுத்துவிட்டார். வண்டியை நிறுத்தி, நெருப்பை மொத்தமாக இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறார். அடைப்பான் உருகவில்லை. குழாயைக் கழற்றினால் உள்ளே ஒரு பிடி பாசி. தொட்டித் தண்ணீரையெல்லாம் திறந்து கொட்டிவிட்டு, நல்ல தண்ணீருக்காக ஊருணிக்குப் போயிருக்கிறார்.

அது குடிநீர் ஊருணி. செருப்பு போட்டவர்கள் படியில் கால் வைக்க முடியாது; மாட்டை அந்தப் பக்கமே விட மாட்டார்கள். என்ஜின் கரி பட்ட எங்கள் வாளியைக் கண்டதும் காவல்காரர் எழுந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாராம். அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் அந்த ஊர்ப் பெண்களே ஒரு முடிவு செய்தார்கள். வண்டிக்காரர்களின் பாத்திரம் எதுவும் ஊருணியில் படக் கூடாது. அவர்களே தங்கள் குடத்தில் மொண்டு வந்து என்ஜினுக்கு ஊற்றிவிடுவார்கள். வரிசையாக நாற்பது குடமாவது வந்திருக்கும் என்றார் டிரைவர். அந்தத் தண்ணீரில் பாசி ஏது? இருந்தாலும் அவருக்கு வடிகட்டாமல் மனசு ஒப்பவில்லை. துணி எங்கே என்று தேடியபோது, என் மகள் நாலு முடிச்சையும் பல்லால் கடித்து அவிழ்த்து, வேட்டியை எடுத்துக்கொண்டு என்ஜினின் தொட்டி மேலேயே ஏறிவிட்டாள். நான் பிடிப்பது போலவே நாலாக மடித்து, காலை அகட்டி நின்று, நாற்பது குடத்துக்கும் பிடித்தாளாம். டிரைவர் இதைப் பெருமையாகச் சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் தொட்டியின் உயரம்தான் கண்ணுக்குள் நின்றது.

பனமட்டையும் சுள்ளியும் போட்டு மறுபடி நெருப்பு மூட்டி ஆவி ஏற்றினார்கள். ஆசாரியும் சைக்கிளை வண்டியில் தூக்கிப் போட்டு ஏறிக்கொண்டார்.

இதெல்லாம் தெரியாமல் நான் கம்பியோடு நின்றேன். ஆறேகாலுக்கு விசில் கேட்டது. இரண்டு நீள விசில். முதலில் காதை நம்பவில்லை. பிறகு புகை தெரிந்தது. கரி எரிகிற கறுப்பு இல்லை; அடுப்படியில் வருவது போல வெளுத்த புகை. இறக்கத்தில் வண்டி குலுங்கிக்கொண்டு வந்தது. கம்பியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்தேன். என்ஜின் என்னைத் தாண்டியது. முதல் பெட்டியின் ஓரத்தில், அவள் இருந்த இடத்தில், யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். குறுக்கே வேட்டி இல்லை. இரண்டாவது பெட்டியும் போயிற்று. அதிலும் அவளைப் பார்க்கவில்லை.

வண்டி கொட்டகையில் நின்று, கூட்டம் இறங்கி, சத்தமும் சிரிப்புமாகக் கலைந்ததெல்லாம் தூரத்தில் நடப்பதாக இருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று மனம் சொன்னது. கம்பியை அழுத்திக்கொண்டே நின்றேன்.

இப்போது அவள் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வர ஐந்து நிமிடம் தாமதமானால் என் உள்ளங்கையில் இன்னும் அந்தச் சூடு ஏறுகிறது. அதற்குப் பிறகும் நாங்கள் மூன்று வருஷம் வண்டி ஓட்டினோம். ஸ்பிரிங்கை மட்டும் மறு வாரமே மாற்றிவிட்டோம்.

அன்று என்ஜின் பக்கமிருந்து ஓர் உருவம் தண்டவாளக் கட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று தாண்டிக்கொண்டு வந்தது. முகம் முழுக்கக் கரி. தலையில் ஈர வேட்டியை முண்டாசாகச் சுற்றியிருந்தது. என்ஜினில் டிரைவருக்கு மறுபக்கம் நின்றுதான் வந்திருக்கிறாள். என் எதிரில் வந்து நின்று, என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, வண்டி போயி எம்புட்டு நேரமாச்சு" என்றாள். "கம்பிய விடுங்க. எனக்குப் பசிக்குது."