ஷிப்டு பஸ்ஸின் திருஷ்டி மிளகாய்

தன் மிளகாயை முழுசாகத் தின்று முடிக்காத யாரையும் அவர் மனிதக் கணக்கில் சேர்த்ததில்லை. அந்தக் கணக்கில் நான் வரவே இல்லை. எதிர் மொட்டைமாடியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடி, "கவிதை எழுதுற நாக்குக்கு இதுகூடத் தாங்கலையா தாயி?" என்பார். தெருவில் மீன் வாங்குகிறவர்கள் வரைக்கும் அது கேட்கும்.

எங்கள் பிளான்ட்டின் ஷிப்டு பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். சாத்தூர்ப் பக்கத்து மனிதர். வந்து இருபது வருஷமாகியும் மண்ணூர்க் காற்று அவர் பேச்சில் ஒட்டவில்லை. நான் அதே பிளான்ட்டில் சேஃப்டி டிபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். கையுறை போடு, கண்ணைக் காப்பாற்று, குடும்பம் காத்திருக்கிறது என்று பலகைகளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மழையைப் பற்றியும் சுவரில் நகரும் வெயிலைப் பற்றியும் எழுதுவேன். முன்னதைப் படித்தே ஆகவேண்டும் என்று கம்பெனி விதி. பின்னதற்கு அப்படி ஒரு விதி போட ஆளில்லை.

அவருடைய மிளகாய் கட்டைவிரல் நகத்தளவுதான். மற்ற மிளகாயெல்லாம் தலை தொங்கிக் காய்க்கும்போது அது மட்டும் வானத்தைப் பார்த்துக் குத்திட்டு நிற்கும். முதலில் வெண்ணெய் நிறம், அப்புறம் காய்ந்த மஞ்சள் நிறம், கடைசியில், ஒரகடம் ரோட்டில் ட்ரெய்லர்கள் பிரேக் அடிக்கும்போது பின்னால் எரியுமே, அந்தச் சிவப்பு. அதற்குப் பெயரே கிடையாது. அவருடைய அப்பாவுக்கு முந்திய காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிற விதை. "எங்க மிளகா" என்பார், அவ்வளவுதான்.

எனக்கும் செடி உண்டு. பஜ்ஜி மிளகாய். நீளம், பச்சை, சாது. அதைப் பார்த்தாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஏ தாயி, ஒன் பஜ்ஜி மிளகாயக் கொஞ்சம் அடக்கி வையி."

"அது இன்னாண்ணே பண்ணிச்சு? அது பாட்டுக்குக் காய்ச்சுகினு கீது."

"தேனீ அங்கிட்டு ஒக்காந்துட்டு இங்கிட்டு வருதுல்ல? கலந்துருச்சுன்னா என் மிளகா சோத்து மூட்டையாப் போயிரும்."

அதைத் தடுக்க அவர் கண்டுபிடித்த உபாயம்தான் அவரை மண்ணூர் முழுக்கப் பிரசித்தமாக்கியது. எங்கள் பிளான்ட்டில் லைனில் நிற்கும் பெண்கள் தலையில் மெல்லிய நீலத் துணித் தொப்பி போட்டுக்கொள்வார்கள், ஒரு மயிர்கூட உதிரி பாகத்தில் விழக்கூடாது என்று. ஷிப்டு முடிந்து அசந்துபோய் பஸ்ஸில் கழற்றி எறிந்துவிட்டுப் போவார்கள். அவற்றைப் பொறுக்கி, துவைத்து, காயவைத்து, விதைக்கு விடும் செடிகளுக்கு மொட்டு விரியுமுன் மாட்டிவிடுவார். காலையில் ஒவ்வொரு செடியையும் தோளைத் தட்டுவது மாதிரி லேசாக உலுக்குவார், பூ தனக்குத்தானே சூல் கொள்ள. காய் பிடித்ததும் தொப்பியை எடுத்துவிட்டு, அந்தக் காயின் காம்பில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டுவார். நூல் கட்டிய காய் விதைக்கு. அதில் கை வைத்தால் கை இருக்காது.

தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இன்னா டிரைவரே, செடிக்கும் நைட் ஷிப்டு போட்டுட்டியா? ஓவர்டைம் உண்டா?" என்பார்கள்.

"உண்டு. ஒன்ன மாதிரி தூங்குறதுக்கு இல்ல" என்பார் இவர்.

நலச் சங்கச் செயலாளருக்கு மட்டும் அதில் சிரிப்பு வரவில்லை. பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி மாடியில் வைத்திருப்பதால் தளம் ஊறுகிறது, நகரின் தோற்றம் கெடுகிறது என்று வாட்ஸப் குழுவில் வாரம் தவறாமல் வாளிகளின் படத்தைப் போடுவார். கீழே, கைகூப்பிய பொம்மை ஒன்றையும் போடுவார். அந்த நகரின் தோற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்: பாதி கட்டிய வீடுகள், மீதி விற்காத மனைகள், நடுவில் மழைநீர் தேங்கினால் கொசுவுக்கு ஒரு நீச்சல் குளம்.

ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, டீ குடிக்க சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. பழைய செடிகளைப் பிடுங்கிப்போட்டு, வாளிகளுக்குப் புது மண் கலந்துவைத்திருந்த நேரம். செடி ஒன்றுகூட இல்லை. கொடியில் கோத்துத் தொங்கவிட்ட விதைக்காய் மட்டும் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது.

காரியத்துக்குத் தெற்கிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். துக்கத்தோடு வந்தவர்கள், பசியோடும் வந்திருந்தார்கள். அவர் மனைவி, எனக்கு அண்ணி, மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து அடுப்புப் பக்கம் வர முறையில்லை. சமைக்க நின்றவர்களுக்கு மாடியில் காய்ந்த மிளகாய் தென்பட்டிருக்கிறது. உருவி, வறுத்து, அரைத்து, குழம்பு வைத்துவிட்டார்கள். பந்தியில் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒருவர், "என்னா காரம்! நம்ம ஊரு காரம்யா இது!" என்று இரண்டாம் முறை ஊற்றச் சொன்னார். பக்கத்து இலைக்காரர் மூன்றாம் முறை.

என் இலையில் சோற்றுக்கு நடுவே சிவப்புக் கம்பளி நூல் ஒன்று கிடந்தது.

கையை உதறிவிட்டு மாடிக்கு ஓடினேன். கொடி வெறுமையாக ஆடியது. ஒரு மனிதருடைய காரியத்துக்கு வந்து, அவர் வம்சத்தில் யாரும் விட்டுவிடாமல் காப்பாற்றிய விதையை மோர் ஊற்றி முடிக்கும் வரை வழித்துத் தின்றிருந்தோம். நானும்தான். அன்றைக்கென்று பார்த்து எனக்கு அந்தக் காரம் தாங்கியது.

உறவுக்காரர்களின் வேன் கிளம்பிய பிறகு அண்ணிக்குத் தெரிந்தது. பிணத்தை எடுத்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி, அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, ஒங்கிட்ட ஒரு செடியாச்சும் இருக்கா? வருசத் திதிக்கு அவுக எலையில அந்த மிளகா இல்லாம நான் என்னத்த வைப்பேன்?"

"கீது அண்ணி. நான் பாத்துக்கறேன்" என்றேன். என்னிடம் பஜ்ஜி மிளகாய் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் ஷிப்டு பஸ் வந்து நின்றதும்தான் பார்த்தேன். முன்பக்கக் கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிறு. எல்லா வண்டியிலும் கடைப் பச்சை மிளகாய் தொங்கும். இவர் தலைக்கனம் பிடித்தவர், திருஷ்டிக்கும் தன் மிளகாயைத்தான் கட்டுவார், அதுவும் பழுத்ததை. எலுமிச்சை கருத்துச் சுருங்கிப் புளியங்கொட்டை மாதிரி ஆகியிருந்தது. அதன் மேல் டீசல் புகை படிந்து, காய்ந்து, கெட்டியாக அவருடைய மிளகாய்கள். புது டிரைவர் சோம்பேறி, கயிற்றை மாற்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சோம்பேறியைக் கும்பிடத் தோன்றியது.

"தம்பி, அந்தக் கயித்த எனக்குக் குடு."

"இன்னாக்கா, பட்ட திருஷ்டியெல்லாம் வூட்டுக்கு எடுத்துனு போறியா? முச்சந்தில போடறத போயி..."

"என் வூட்டுக்கு நானே போதும் திருஷ்டி. நீ குடு."

"அப்பறம் வண்டிக்கு எதனா ஆச்சுன்னா?"

புதுக் கயிறு வாங்கிக் கட்டுவதாகச் சொன்ன பிறகே அவிழ்த்தான். அப்போதும் தன் கையால் தரவில்லை. தரையில் போட்டு என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னான். பஸ்ஸில் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரகடம் வரை இரண்டு சீட்டையும் அடைத்துக்கொண்டு, இந்தச் சாலையின் மொத்தக் கண்ணேற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி போனேன்.

ஒரு சிக்கல் இருந்தது. கயிற்றில் இருந்த காய்களில் கம்பளி நூல் இல்லை. அப்படியென்றால் தொப்பி போடாத பூவில் காய்த்தவை. தேனீ என் பஜ்ஜி மிளகாயிலிருந்து எதைக் கொண்டுபோய் அங்கே வைத்ததோ, விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. விதைத்துப் பார்க்கவேண்டும், காய்க்கும் வரை காத்திருக்கவேண்டும். முதல் காரியமாக என் பஜ்ஜிச் செடிகளை வேரோடு பிடுங்கினேன். அண்ணி தன் மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்சம்தான் முளைத்தது. அண்ணி தினமும் எட்டிப் பார்ப்பார்.

"பூத்துருச்சா?"

"இல்ல அண்ணி."

"அவுக இருந்தா இந்நேரம் பூத்துருக்கும்."

"அவரு இருந்தா நான் ஏன் அண்ணி நடப் போறேன்?"

ஐப்பசி மழையில் பாதி அழுகிப் போனது. மிச்சம் தேறி, தை கழிந்துதான் காய்த்தது. காய்கள் அத்தனையும் நீளமாக, மந்தமாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. அவர் மிளகாய்க்கும் என் பஜ்ஜி மிளகாய்க்கும் பிறந்த பிள்ளைகள். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். காரமாகவும் இல்லை, இல்லாமலும் இல்லை. இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் பகைத்துக்கொள்ளாத கல்யாணப் பேச்சு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசி வாளியில் எல்லாவற்றுக்கும் பின்தங்கி, குட்டையாக ஒரு செடி. அதில் மொட்டுகள் மேல்நோக்கி இருந்தன. தேனீ வருமுன் நீலத் தொப்பியை மாட்டிவிட்டு, அன்றைக்கு ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் பிரசவம் என்றேன்.

அந்த மாதத்தில்தான் செயலாளர் என் வாசலில் வந்து நின்றார். பூங்காவுக்கென்று வரைபடத்தில் மட்டும் பச்சையடித்த மூலையில், டிரைவர் நினைவாக மிளகாய்த் தோட்டம். திறப்பு விழா வருஷத் திதி அன்றைக்கே. இரண்டுக்கும் ஷாமியானா ஒன்றே போதுமாம்.

"பலகைக்கு நாலு வரி வேணும் மேடம். அவர் கண்ட பசுமைக் கனவு பத்தி."

"அவரு கனவுல நீங்கதான் சார் வருவீங்க. தளம் ஊறுதுன்னு."

"பழசெல்லாம் எதுக்கு மேடம்? இறந்தவருக்கு நாம மரியாதை செய்யணும்."

நர்சரியிலிருந்து நாற்று வந்தது. பஜ்ஜி மிளகாயும் குடமிளகாயும். அவர் நினைவாக, அவர் ஜென்ம எதிரிகளை வரிசையாக நட்டு, மணிக்கணக்கில் படம் எடுத்தார்கள். பலகை செடிகளைவிட உயரம். நன்கொடையாளரின் பெயர் பலகையைவிடப் பெரிது. நாலு வரியும் எழுதிக் கொடுத்தேன், சம்பளத்துக்கு எழுதுவது போலவே. ஆனால் அந்த நாற்றுகளிலிருந்து என் மாடிக்குத் தேனீ வர எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் மனசு ஓடிக்கொண்டே இருந்தது. தொப்பியை இரட்டையாகப் போட்டேன்.

திதி அன்றைக்கு அந்தக் குட்டைச் செடியில் பழுத்தது ஒரு கொத்து. வானத்தைப் பார்த்துத்தான் நின்றது. ஆனால் நிமிர்ந்து நிற்பதெல்லாம் காரமாகவே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? என் நாக்கை நம்பிச் சொல்லவும் முடியாது. அது அவருடையதுதானா என்று சொல்லக்கூடிய ஒரே வாய் எதிர்வீட்டில் இருந்தது. உள்ளங்கையில் வைத்து எடுத்துப் போனேன்.

படையல் இலையில் சோறு, வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. செயலாளர் வெள்ளைச் சட்டையில், முன்வரிசை நாற்காலியில். அண்ணி ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளி, பாதியைக் கடித்தார். மென்றார். லைனில் ஆடிட் நடக்கும்போது நிற்கிற மாதிரி நின்றேன். அண்ணி மீதிப் பாதியையும் வாயில் போட்டார். நெற்றியில் வேர்த்தது. பிறகு ஒரு விக்கல், இன்னொன்று.

"அதேதான்" என்றார். "பாவி மனுசன் அதேதான்."

"அப்ப நல்லதும்மா. படையல்ல வெச்சிருங்க" என்றார் செயலாளர், கையில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு.

அண்ணி கொத்தை இலையின் ஓரத்தில் வைத்தார். கற்பூரத்தை எடுத்தார். எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, மிளகாயை இலையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அம்மா, சாமிக்கு வெச்சத எடுக்கக் கூடாது."

"அவுக எப்ப சாமி ஆனாக? ஆயுசு பூராத் தின்னாகல்ல, போதும். தின்னு தீக்கிறவுகளுக்கே குடுத்துட்டிருந்தா விதைக்கு எங்க போறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, ஒரு பேப்பர் எடு."

படையலுக்கு எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மிளகாயையும் வெறும் நகத்தால் கீறி விதையைத் தட்டினார். கையுறை போடச் சொல்லி ஊருக்கெல்லாம் எழுதுகிற நான் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தால்தான் கீறினேன். விதையைச் சரிபாதியாகப் பிரித்தார். தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டார். இலையில் மிளகாய் இல்லாமலே கற்பூரம் காட்டினார்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது, "கை எரியுது பிள்ள" என்றார். எண்ணெய் தேய்த்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மறுநாள் காலையில் நான் பஸ்ஸுக்கு இறங்கும்போதும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கையை உதறிக்காட்டி, "இன்னும் எரியுது" என்று தெருவுக்கே கேட்கும்படி அண்ணனைத் திட்டினார்.